படியில் இறங்காத மரம்

அந்தக் கட்டடத்துக்கு ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. ஐந்தாம் மாடியில் குடியிருந்தவரோ ஊரிலுள்ள லிப்டையெல்லாம் பழுது பார்க்கிற மெக்கானிக். பகல் முழுக்க அடுத்தவர்கள் நோகாமல் ஏறி இறங்க வழி செய்துவிட்டு, சாயங்காலம் தொண்ணூற்றாறு படி மூச்சிரைக்க ஏறி வீட்டுக்கு வருவார். இதைச் சொல்லிச் சிரிக்காத குடித்தனம் அங்கே இல்லை. ஆனால் படிக்கட்டு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அவர் அல்ல, அவருடைய மனைவி. அவளுக்குப் பேரே படிக்கட்டு அக்கா.

பேர் வந்தது படியோரத்தில் அவள் அடுக்கியிருந்த பூந்தொட்டிகளால். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரை ஒட்டி ஆறேழு தொட்டி நிற்கும். மொட்டை மாடியில் மறைப்பே இல்லாத வெயில். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் பெரிய ஜன்னல். நாலாவதில் அதில் பாதி. மூன்றாவதில் பக்கத்துக் கட்டடம் வந்து மறைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே வெளிச்சம் வந்தோம் என்று பேர் பண்ணிவிட்டுப் போய்விடும். தரைத் தளத்தில் பட்டப்பகலிலும் பல்பு எரியும்.

இந்த ஏற்ற இறக்கத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு பூனை. யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல் நிறக் கடுவன். நடக்கிற தோரணையைப் பார்த்து எல்லோரும் அதைத் துரை என்றார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஒரு குரோட்டன்ஸ் செடி வாங்கினாள். நிழல் வலைக்கு அடியில் வளர்ந்த செடி. வெயில் நல்லது என்று நினைத்து நேரே மொட்டை மாடியில் வைத்தாள். இரண்டே நாளில் இலையெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி பழுப்பாகிப் போனது. அந்த வாரத்திலிருந்துதான் துரையைக் கவனிக்க ஆரம்பித்தாள். குளிர் மாதங்களில் ஐந்தாம் மாடி ஜன்னலடியில், வாலுக்குள் மூக்கைச் செருகிப் பந்தாகச் சுருண்டு கிடந்த பூனை, வெயில் ஏற ஏற ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்தது. கோடை உச்சியில் தரைத் தளத்துச் சிமெண்டில், பிழிந்து போட்ட துணி போல நீளமாகக் கிடந்தது. ஒரே நாளில் மேலிருந்து கீழே அது குடி மாறியதே இல்லை.

"இந்த அறிவு எனக்கு இல்லாமப் போச்சே" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கணக்கு. மாடிக்குப் பன்னிரண்டு நாள். நிழலில் வாழப் போகும் செடி மேலிருந்து ஐந்து திருப்பங்களில் நின்று நின்று இறங்க வேண்டும். வெயிலுக்குப் போகும் செடி அதே போல ஏற வேண்டும். தொட்டியின் விளிம்பில் சாக்பீஸால் தேதி போட்டு வைப்பாள். தேதி வராமல் ஒரு படிகூட நகர்த்த மாட்டாள். இந்த நாள் கணக்கை மனுஷர் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பதினாறு வருஷத்தில் செத்த செடிகள்தான் சொல்லித் தந்தன.

"அண்ணி, உங்க செடிங்க மெதுவா ஏறி இறங்கட்டும். நாங்க மனுஷங்க, எங்களுக்குக் காலு வைக்க இடம் விடுங்க" என்பாள் இரண்டாம் மாடியில் இருந்த நாத்தனார்.

"உனக்கு இடம் பத்தலைன்னா அதுக்குத் தொட்டி காரணமில்லை, தாயே. நாலு மாடி தினமும் ஏறி இறங்கு, தானா இடம் கிடைக்கும்."

"பாருண்ணா, உன் பொண்டாட்டி என்னைக் குண்டுன்னு சொல்றா!"

"நான் அஞ்சாம் மாடிக்கு ஏறணும், என்னை விட்டுடுங்க" என்று மெக்கானிக் இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டு மேலே போய்விடுவார்.

படிக்கட்டு அக்காவுக்கு வேலை ஒரு கண் ஆஸ்பத்திரியில். தரை துடைப்பது. பதினாலு வருஷமாக அதே காத்திருப்புக் கூடம், அதே மாப்பு. மற்ற ஆஸ்பத்திரி போல அங்கே பளிச்சென்று விளக்கு எரியாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரிந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளிச்சம் கூசும் என்பதால், கூடத்தை அரை இருட்டாகவே வைத்திருப்பார்கள். வெளியே கொளுத்துகிற வெயிலிலிருந்து உள்ளே வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் எதுவும் தெரியாமல் தடுமாறுவார்கள். ஈரத் தரையில் வழுக்கிவிடக் கூடாதே என்று அவள் மாப்பைக் குறுக்கே நீட்டி, "கொஞ்சம் நில்லுங்க, பார்வை வந்துடும்" என்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வாள்.

அந்தக் கூடத்தில் செடி நிற்கவே நிற்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மேனேஜர் புதுச் செடி வாங்கி வைப்பார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவள் அதைக் குப்பைக்கு எடுத்துப் போவாள். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள், தன் படிக்கட்டில் முறையாக இறங்கி முடித்த ஒரு மணிபிளான்ட் தொட்டியைக் கொண்டுவந்து சீட்டுக் கொடுக்கிற மேஜையில் வைத்தாள். அது எட்டு மாதம் கழித்தும் பச்சையாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ஒரு நாள் மேஜையருகே நின்று இலையைப் புரட்டிப் பார்த்தார்.

"இது யார் வச்சது?"

மேனேஜர் தொண்டையைச் செருமுவதற்குள் சீட்டுக் கொடுக்கிற பெண் அவளைக் கை காட்டிவிட்டாள். டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரியின் புதுப் பகுதி திறக்கப் போகிறார்கள். எல்லாத் தளத்திலும் மரம் செடி வைக்க ஆசை. முதலில் இந்தக் கூடத்தில் ஒரு பெரிய மரத்தை நிறுத்திக் காட்டட்டும். திறப்பு நாளில் அது நன்றாக இருந்தால், ஆஸ்பத்திரிச் செடிகள் முழுவதும் அவள் பொறுப்பு. மாப்பைக் கீழே வைத்துவிடலாம். நிற்கவில்லை என்றால் மேனேஜர் சொல்வது போல எல்லாத் தளத்துக்கும் பிளாஸ்டிக் மரம்.

அன்று அவள் தொண்ணூற்றாறு படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. பதினாலு வருஷமாக யார் என்ன வேலை என்று கேட்டாலும் "ஆஸ்பத்திரியில" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தவள் அவள். இனிமேல் நின்று பதில் சொல்லலாம்.

எந்த மரம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மொட்டை மாடியில், பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் ஒன்பது வருஷமாக ஒரு பைகஸ் நின்றது. ஆலமரத்துக்குச் சொந்தக்கார மரம். ஒன்றரை ஆள் உயரம், நுனி தொங்கும் கிளைகள், சில்லறைக் காசு போலச் சின்னதாய், தடித்த, பளபளக்கும் இலைகள். விரல் தடிமன் இருந்த நாளிலிருந்து அவள் வளர்த்தது.

சிக்கல் ஒன்றே ஒன்று. மரம் படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பாது.

"இதுக்குப் போய் முழிக்கிறியா?" என்றார் மெக்கானிக். "கப்பியும் கயிறும் எதுக்கு இருக்கு? புருஷன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடமே தெருவில் கூடிவிட்டது. மெக்கானிக் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரும்புச் சட்டம் பொருத்தி, அதில் கப்பி மாட்டி, பீப்பாயைச் சாக்கு சுற்றிக் கட்டினார். தன்னிடம் வேலை பழகியவர்கள் நாலு பேரைக் கயிற்றில் நிறுத்தினார். மரம் காற்றில் மெல்லச் சுழன்றபடி மாடி மாடியாக இறங்கியது. ஒவ்வொரு ஜன்னலிலும் தலைகள். இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து நாத்தனார் கையை நீட்டி இலையைத் தொட்டுவிட்டு, "வாங்க வாங்க, காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றாள். தெருவே சிரித்தது. ஐந்து நிமிஷத்தில் மரம் தரையைத் தொட்டபோது மெக்கானிக்குக் கை தட்டினார்கள். பதினாறு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் ஓடிய முதல் லிப்ட் அதுதான் என்று யாரோ சொல்ல, அவர் தலை குனிந்து வணக்கம் வைத்தார். படிக்கட்டு அக்கா எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டினாள்.

பத்து மணிக்கு மரம் ஆஸ்பத்திரிக் கூடத்தில் நின்றது. காத்திருந்தவர்கள் நாற்காலியை அதன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் காலையில் தரையைத் துடைக்கப் போனவள், மரத்தடியில் கைப்பிடி அளவு இலை கிடப்பதைப் பார்த்தாள். பழுத்த இலை அல்ல, பச்சை இலை. மறுநாள் ஒரு முறம். அதற்கு மறுநாள் கிளையைத் தொட்டாலே சொரிந்தது.

முதலில் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினாள். மேலும் கொட்டியது. ஏசிக் காற்று என்று நினைத்து மரத்தைத் திருப்பி வைத்தாள். மேலும் கொட்டியது. தான் தரைக்குப் போடுகிற பினாயில்தானோ என்று மூன்று நாள் வெறும் தண்ணீரில் துடைத்தாள். நர்சம்மா மூக்கைச் சுளித்ததுதான் மிச்சம். பதினெட்டாம் நாள் மரத்தில் இருந்த இலையை எண்ணிவிடலாம் என்று ஆகிவிட்டது.

வாசல் காவலாளி தொப்பியைக் கழற்றித் தன் வழுக்கைத் தலையை மரத்துக்குப் பக்கத்தில் நீட்டினார். "அக்கா, உங்க மரத்துக்கும் எனக்கும் ஏதோ சொந்தம் போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நகத்தால் ஒரு கிளையை லேசாகக் கீறினாள். உள்ளே ஈரப் பச்சை. ஒரு இலைக் காம்பைக் கிள்ளினாள். வெள்ளைப் பால் துளிர்த்தது. சாகவில்லை.

"என் தலையையும் கீறிப் பாருங்கக்கா, பச்சை இருக்கான்னு" என்றார் காவலாளி.

சாயங்காலம் வீடு திரும்பியவள் தரைத் தளத்திலேயே நின்றுவிட்டாள். பல்பு வெளிச்சத்தில் ஒரு தொட்டி நின்றது. அதன் விளிம்பில் அவள் கையெழுத்தில் தேதி. அன்றுதான் அது படி இறங்கி முடிக்கிற நாள். இரண்டு மாதமாக இறங்கி வந்த செடி, ஒரு இலை கொட்டவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த சத்தம் இரண்டாம் மாடிவரை கேட்டது.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?"

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஒரு முழத் தொட்டிக்கு நாள் கணக்குப் பார்த்துப் பார்த்து இறக்குறேன். ஒன்பது வருஷத்து மரத்தை அஞ்சே நிமிஷத்துல இறக்கிட்டு, கை வேற தட்டினேன்!"

மேலிருந்து எட்டிப் பார்த்த மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "கயிறு கட்டினது நான்தானே..."

"கயிறு உங்களது, கணக்கு என்னது. நீங்க உள்ள போங்க."

யோசிக்க யோசிக்க அவளுக்கு விளங்கியது. சொரிந்ததெல்லாம் வெயிலுக்கு என்று மரம் தைத்துப் போட்ட சட்டை. மொட்டை மாடி வெயில் அதிகம். அதனால் சின்ன இலை, தடித்த இலை போதும். கூடத்தில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்துக்கு அந்த இலை தன் சாப்பாட்டைக்கூடச் சம்பாதிக்காது. சம்பாதிக்காததை மரம் கழற்றி எறிகிறது. இனி அந்த இருட்டுக்கு ஏற்ற மாதிரி புதுசு தைத்தால்தான் உண்டு. அதற்கு நாள் வேண்டும். இலையில்லாத மரம் அதிகம் தண்ணீர் குடிக்காது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவள் ஊற்றிய தண்ணீரெல்லாம் வேரில் தேங்கியிருந்தது.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மரம் நின்றது. மேனேஜர் மாதிரிக்கு ஒன்று வரவழைத்திருந்தார். சொட்டு மருந்து விட்ட ஒரு பெரியவர் அதைத் தடவி, "என்ன குளுமை!" என்றார்.

மேனேஜர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா? மேடம்கிட்ட சொல்லிட்டேன். இன்னைக்கே ஆர்டர் கொடுத்துட்டா திறப்புக்குக் கவலை இல்லை. உங்க மரத்தை மறுபடி மாடிக்கே தூக்கிட்டுப் போங்க, அங்க பிழைச்சுக்கும்."

"வேண்டாம் சார். திரும்பவும் வெயிலுக்குப் போனா, இருக்கிற நாலையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அது பாட்டுக்கு இங்கயே இருக்கட்டும்."

"கட்டையைப் பார்த்துக்கிட்டு இருக்கவா பேஷன்ட் வர்றாங்க?"

அவள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள். பதினாலு வருஷத்தில் துடைப்பதற்கு அல்லாமல் அந்தக் கதவை அவள் தட்டியது அன்றுதான்.

"தப்பு என்மேலதான் மேடம்" என்று ஆரம்பித்துப் படிக்கட்டு, கயிறு, பன்னிரண்டு நாள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டாக்டரம்மா கையில் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சட்டென்று சொன்னாள்:

"வெயில்லேர்ந்து வர்றவங்க நம்ம வாசல்ல வந்து ஒண்ணும் தெரியாம நிப்பாங்கல்ல மேடம்? அவங்களுக்குக் கண்ணு போயிடுச்சுன்னு நாம திருப்பி அனுப்புறோமா? ரெண்டு நிமிஷம் நில்லுங்க, பார்வை வந்துடும்னு சொல்றோம். இந்த மரமும் வாசல்லதான் மேடம் நிக்குது. கண்ணுக்கு ரெண்டு நிமிஷம்னா மரத்துக்கு ரெண்டு மாசம்."

பேனா நின்றது.

"ரெண்டு நிமிஷம் இல்ல" என்றார் டாக்டரம்மா. "இருட்டுக்குக் கண்ணு முழுசாப் பழக அரை மணி நேரம் ஆகும்."

"அப்ப மரத்துக்கும் கொஞ்சம் கூடக் கொடுங்க மேடம்."

டாக்டரம்மா சிரித்ததை அன்றுதான் அவள் பார்த்தாள். ஆர்டரைத் தள்ளி வைக்கச் சொல்லி மேனேஜருக்குப் போன் போனது. திறப்புக்குப் பத்து நாள் முன்புவரை பொறுப்பது, அதற்குள் துளிர் இல்லையென்றால் பிளாஸ்டிக்.

அதற்குப் பிறகு அவள் செய்தது மிகக் கஷ்டமான வேலை. ஒன்றும் செய்யாமல் இருந்தாள். விரலை மண்ணில் விட்டு, இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர். உரம் கிடையாது, இடம் மாற்றுவது கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். சீட்டுப் பெண் குடித்து மிஞ்சிய டீயை ஊற்ற வந்தாள். நர்சம்மா ஒரு நாள் சத்து மாத்திரையோடு வந்தார்.

"அதைத் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்" என்றாள் படிக்கட்டு அக்கா.

"ஒடிச்சா எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போகணும், இங்க கண்ணு மட்டும்தான்" என்றார் நர்சம்மா, மாத்திரையைத் தானே வாயில் போட்டுக்கொண்டு.

நாட்கள் போயின. அவள் தினமும் முதல் வேலையாகக் கிளை நுனிகளைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் அவள் முகத்தைப் பார்ப்பார், தட்டை எடுத்து வைப்பார். நாத்தனார்கூட கிண்டலை நிறுத்திவிட்டது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, நடுப்பகலில், காவலாளி வாசலை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அக்கா! இங்க வாங்க! நான் தொடலை, சத்தியமா தொடலை, பார்க்கத்தான் செஞ்சேன்!"

தாழ்ந்த கிளையின் நுனியில், ஊசி முனை போல ஒன்று சுருண்டு நின்றது. இளம் பச்சை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த கிளையைப் பார்த்தாள். அங்கேயும். அதற்கு மேலே இரண்டு. யாரோ போய்ச் சொல்ல, டாக்டரம்மா நோயாளியை உட்கார வைத்துவிட்டுக் கண் பார்க்கிற பூதக்கண்ணாடியோடு வந்தார். குனிந்து, ஒரு கண்ணை இடுக்கி, நிதானமாக நுனி நுனியாகப் பார்த்தார். கூடத்தில் காத்திருந்த நாற்பது பேரும் தங்களுக்கே ரிசல்ட் வரப்போவது போல எட்டிப் பார்த்தார்கள்.

"பதினேழு" என்றார் டாக்டரம்மா. "பார்வை வந்துடுச்சு."

நர்சம்மா விசிலடித்தார். நர்சுகள் விசிலடிக்கக் கூடாது என்று யாரும் அவருக்கு அன்று சொல்லவில்லை.

ஊசிகள் அவிழ்ந்து விரிந்தபோது, அவள் புது இலை ஒன்றின்மேல் பழைய இலையை வைத்துப் பார்த்தாள். பழையது காசு அளவு, தடிப்பு. புதியது அதைப் போல இரண்டு மடங்கு அகலம், கரும்பச்சை, விரல் நிழல் மறுபக்கம் தெரிகிற மெல்லிசு. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சிந்தாமல் பிடிக்க மரம் தன் தட்டை அகலமாக்கிக்கொண்டிருந்தது. ஒரே மரம், ஒரே வேர். "இதை யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?" என்று அதனிடமே கேட்டாள். மெக்கானிக்குக் காட்ட இரண்டு இலையையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் அவர் கட்டடத்தின் எல்லா வீட்டுக் கதவையும் தட்டி அவற்றைக் காட்டிவிட்டு, கடைசியாகத்தான் தன் வீட்டுக்கு ஏறினார்.

திறப்பு நாளன்று மரம் முழுசாக நிறையவில்லை. நடுவில் கிளைகள் தெரியத்தான் செய்தன. ஆனால் ஒவ்வொரு நுனியிலும் இலை. அவள் மாப்பு இல்லாத கையோடு, அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்ட விருந்தாளி அம்மாளிடம், "இங்க செடி மரமெல்லாம் நான்தாங்க" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னும் கால் மணி நேரம் சொன்னாள்.

அப்போது மேனேஜர் உற்சாகமாக வந்தார். இப்போது மரம் அவருக்கும் பெருமைதான். கூட நாலு ஆட்கள். "அக்கா, மரம் பிரமாதம்! வெளியில வெயில் நல்லா அடிக்குது, படம் பளிச்சுன்னு வரும். வாசல்ல ஒரு ரெண்டு நாள் நிறுத்திட்டு..."

அவள் வாயைத் திறப்பதற்குள் காவலாளி இரண்டு கையையும் விரித்து மரத்துக்கு முன்னால் பாய்ந்துவிட்டார்.

"ஐயோ சார், இது நிழல் இலை! வெயில்ல வச்சீங்கன்னா ரெண்டே நாள்ல கருகிடும்!"

"வெளியே போகணும்னா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும் சார்" என்றாள் சீட்டுப் பெண்.

"அதுவும் கொஞ்சம் கொஞ்சமா" என்றார் நர்சம்மா.

மேனேஜர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கேமராக்காரரைக் கூப்பிட்டு, உள்ளே வந்து படமெடுக்கச் சொன்னார். வெயிலிலிருந்து அவசரமாக நுழைந்த கேமராக்காரர் இரண்டடி வைத்ததும் ஒன்றும் தெரியாமல் நாற்காலியில் இடித்துக்கொண்டார். மேனேஜரே அவருடைய தோளைப் பிடித்து நிறுத்தி, "கொஞ்சம் நில்லுங்க, பார்வை வந்துடும்" என்றார்.